ஆட்டம் சொல்லித்தர ஆள் வேண்டும்

உக்கடம் பேருந்து நிலையத்தில் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பொள்ளாச்சி வண்டி, உடுமலை வண்டி, பழனி வண்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். அம்மிச்சிகளும் அப்புச்சிகளும் கட்டைப்பையோடு இறங்குவார்கள். பைக்குள் முருங்கைக்காய், தோப்புத் தேங்காய், வறுத்த நிலக்கடலை. மகள் வீட்டிலோ மகன் வீட்டிலோ இரண்டு நாள் தங்கி, பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். ஆத்துப்பாலத்துக்கும் உக்கடத்துக்கும் நடுவே வண்டிகள் ஊர்ந்த காலம், 2024 ஆகஸ்டில் 3.8 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்ததோடு போயிற்று. ஊரிலிருந்து வந்து சேரும் நேரம் குறைந்துவிட்டது.

வந்து சேர்ந்த பிறகு அந்த இரண்டு நாளும் எப்படிப் போகின்றன? பேத்தி கையில் போன், பேரன் கையில் டி.வி. ரிமோட். மகள் அடுப்படியில், மருமகன் மடிக்கணினி முன்னால். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து இத்தனையையும் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மிச்சி, ஞாயிறு சாயங்காலம் கட்டைப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார். யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லை. பாசத்துக்கும் குறைவில்லை. சேர்ந்து செய்ய ஒரு காரியம் இல்லை, அவ்வளவுதான்.

பெரியகுளத்துக் கரையில் ஒரு நடை போய், வரும் வழியில் காளான் சாப்பிட்டுத் திரும்புவது எங்கள் பகுதிக் குடும்பங்களின் வழக்கம். அருமையான வழக்கம். ஆனால் நடக்கும்போது பிள்ளைகள் முன்னால் ஓடிவிடுவார்கள், முழங்கால் வலிக்காரர்கள் பெஞ்சில் தங்கிவிடுவார்கள். மூன்று தலைமுறையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார வேண்டுமென்றால் நடுவில் ஒரு பலகை வேண்டும். அந்தப் பலகையைத்தான் இப்போது காப்பியோடு சேர்த்து வாடகைக்கு விடுகிறார்கள். போர்டு கேம் கஃபே என்று பெயர்.

காப்பியும் கட்டமும்

கடை அமைப்பு எளியது. சுவர் நிறைய அலமாரி, அலமாரி நிறைய ஆட்டப் பெட்டிகள். ஆளுக்கு மணிக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் எந்தப் பெட்டியையும் இறக்கி ஆடலாம். தின்பதற்கும் குடிப்பதற்கும் தனிக் கணக்கு. 2000-களின் தொடக்கத்திலேயே தென் கொரியாவின் கல்லூரி வட்டாரங்களில் இத்தகைய கடைகள் பெருகின. கனடாவின் டொரண்டோவில் 2010-ல் ‘ஸ்நேக்ஸ் அண்ட் லாட்டேஸ்’ திறந்த பிறகு மேற்கு நாடுகளிலும் பரவின. நம் பக்கம் பெங்களூரு, மும்பை, சென்னை என்று வந்து, கோவையிலும் சில காப்பிக்கடைகள் ஆட்டப் பெட்டிகளை அலமாரியில் அடுக்கத் தொடங்கிவிட்டன.

நகரின் மறுகோடியில் இருக்கும் அப்படியொரு கடைக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனோம். நானும் மனைவியும், ஏழாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், நெகமத்திலிருந்து வந்திருந்த என் அத்தை. பிள்ளைகளுக்கு அவர் அம்மிச்சி. “காப்பி குடிக்க அத்தன தூரம் போகோணுமா? ஊட்ல பாலு இருக்குது, தூளு இருக்குது” என்றபடியேதான் ஆட்டோவில் ஏறினார்.

அலமாரிக்கு முன்னால் போய் நின்றதும் பிள்ளைகளுக்குத் திகைப்பு. மகன் அட்டையில் டிராகன் படம் போட்ட ஆகப் பெரிய பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கடையில் ஆட்டம் சொல்லித்தருவதற்கென்றே ஒரு கல்லூரித் தம்பி இருந்தார். அந்தப் பெட்டியைப் பக்குவமாக வாங்கித் திரும்ப வைத்துவிட்டு எங்களிடம் சில கேள்விகள் கேட்டார். எத்தனை பேர் ஆடுவீர்கள்? சின்னவருக்கு என்ன வயசு? எவ்வளவு நேரம் இருப்பீர்கள்? இங்கிலீஷ் வாசிக்கிற ஆட்டம் வேண்டுமா, எழுத்தே இல்லாத ஆட்டம் வேண்டுமா? கடைசிக் கேள்வியை அவர் யார் முகத்தையும் பார்த்துக் கேட்கவில்லை, மேசையைப் பார்த்துக் கேட்டார். அந்த நாசூக்குக்காகவே அவருக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் தகும்.

முதலில் ‘ஜெங்கா’ கொண்டுவந்தார். 54 மரக்கட்டைகள், வரிசைக்கு மூன்றாகப் பதினெட்டு அடுக்கு. அடியிலிருந்து ஒன்றை உருவி உச்சியில் வைக்க வேண்டும், கோபுரம் சரியக்கூடாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வளர்ந்த லெஸ்லி ஸ்காட் என்ற ஆங்கிலேயப் பெண், கானாவில் தன் குடும்பத்தார் மரத்துண்டுகளை அடுக்கி ஆடிய ஆட்டத்தை 1983-ல் லண்டனில் கடைக்குக் கொண்டுவந்தார். குடும்ப ஆட்டமாகப் பிறந்ததாலோ என்னவோ, இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. அத்தை கட்டையைத் தொட்டுப் பார்த்து, இறுகியது எது, தளர்ந்தது எது என்று விரலாலேயே கண்டுகொண்டார். கோபுரத்தைச் சரித்தவன் நான்.

அடுத்து வந்தது ‘அசூல்’. எழுத்தே இல்லாத ஆட்டம் அதுதான். மிகைல் கீஸ்லிங் என்ற ஜெர்மானியர் உருவாக்கி 2017-ல் வெளியானது. போர்ச்சுகல் நாட்டு அரண்மனைச் சுவர்களில் பதிக்கும் ஓடுகளை வைத்து அமைத்தது. ஐந்து வண்ணங்களில் நூறு ஓடுகள். வட்டத் தட்டுகளில் நான்கு நான்காக வைத்திருப்பார்கள். ஒரு தட்டிலிருந்து ஒரே வண்ண ஓடுகள் அத்தனையையும் எடுத்துக்கொள்ளலாம், மிச்சத்தை நடுவில் தள்ளிவிட வேண்டும். எடுத்ததைத் தன் பலகையில் வரிசைக்கு அடுக்கிச் சுவரை நிரப்ப வேண்டும். வரிசை கொள்ளாத ஓடு கீழே விழுந்து உடைந்ததாகக் கணக்கு. அதற்கு மதிப்பெண் குறையும். நால்வர் மட்டுமே ஆடலாம் என்பதால் நான் அத்தைக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

முதல் சுற்று முழுக்க அவர் பேசவே இல்லை. இரண்டாவது சுற்றின் நடுவில் நிமிர்ந்து அந்தத் தம்பியைக் கூப்பிட்டார். “ஏங்கண்ணு, இதுல வெட்டே இல்லியா?”

தம்பிக்குப் புரிந்துவிட்டது. அவரும் திண்ணை வைத்த வீட்டுப் பிள்ளை போலும். “இருக்குதுங்கம்மா. நேரா வெட்டறதில்ல. நடுவுல பாருங்க, கருப்பு ஓடு ஆறு சேந்து கிடக்குது. உங்களுக்கு அப்பறம் ஆடறவங்களுக்கு வேற வழியே இல்லாத மாதிரி மத்ததையெல்லாம் எடுத்துப்போட்டீங்கன்னா, அந்த ஆறையும் அவங்கதான் தூக்கோணும். வெக்க எடமிருக்காது.”

அத்தை ஓடுகளைப் பார்த்தார். அடுத்து ஆட வேண்டியவர் யாரென்று பார்த்தார். அவருடைய மகள், என் மனைவி. அடுத்த இரண்டு நகர்த்தலில் ஆறு கருப்பு ஓடும் என் மனைவி தலையில் விழுந்தன. “அம்மா!” என்று அவள் கத்தியது பக்கத்து மேசைக்கும் கேட்டிருக்கும். “நீ எம் பொண்ணு, தாங்குவ. கொழந்தைக தாங்குமா?” என்றார் அத்தை.

ஆட்டத்தில் வென்றது மகள். கடைசியில் வந்த மகன் அழுதான். என் மனைவி அவன் பலகையில் ரகசியமாக இரண்டு ஓட்டைச் சேர்க்கப் போனபோது அம்மிச்சி கையைப் பிடித்துக்கொண்டார். “தோத்தா தோத்ததுதான். அழுது முடிச்சுப்போட்டு வரட்டும், அடுத்தது வெளாடலாம்.” இதில் நான் முழுக்க அவர் கட்சி. ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பொய்யாக ஒரு வெற்றியைக் கொடுத்தால் அது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை நிஜமாகவே வென்றாலும் நம்பமாட்டான். அந்தக் கல்லூரித் தம்பி வேறு வழி வைத்திருந்தார். அமெரிக்கரான மாட் லீகாக் 2010-ல் உருவாக்கிய ‘ஃபர்பிடன் ஐலண்ட்’. ஒரு தீவு மெல்ல மூழ்கிக்கொண்டிருக்கும், ஆடுபவர்கள் எல்லோரும் ஒரே அணி. புதையல்களை எடுத்துக்கொண்டு தப்பினால் எல்லோருக்கும் வெற்றி, தவறினால் எல்லோருக்கும் தோல்வி. கண்ணைத் துடைத்துக்கொண்ட மகன் ஐந்தாவது நிமிடத்தில் எங்களுக்கு உத்தரவு போட ஆரம்பித்திருந்தான்.

வேறொன்றையும் அங்கே கவனித்தேன். என் மனைவி ஒரே நாற்காலியில் ஓர் ஆட்டத்தை முதலிலிருந்து முடிவு வரை ஆடினாள். வீட்டில் கேரம் போர்டை விரித்தால் நடுவிலேயே எழுந்துவிடுவாள். பால் பொங்கும், குக்கர் கூவும், யாருக்காவது தண்ணீர் வேண்டும். “நீங்க எனக்கும் சேத்து அடிங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். இங்கே காப்பி இன்னொருவர் கையால் வந்தது. அதைக் குடித்துக்கொண்டே கணக்குப் போட்டாள், கோபப்பட்டாள், சிரித்தாள். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அப்படியொரு சாயங்காலம் கிடைப்பதற்கு ஒரு கடைக்குப் போக வேண்டியிருந்தது என்பதை வீட்டு ஆண்கள் யோசிக்க வேண்டும். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெட்டும் விட்டுக்கொடுத்தலும்

அத்தை கேட்ட கேள்வி சாதாரணமானதல்ல. உலகத்து ஆட்டங்களை இரண்டாகப் பிரித்துவிடுகிற கேள்வி அது.

தாயத்தில் அடுத்தவர் காய் நிற்கும் கட்டத்தில் உங்கள் காய் வந்தால் அந்தக் காய் வெட்டு. அது மறுபடி முதலிலிருந்து புறப்பட வேண்டும். நம் வீடுகளில் ‘பிசினஸ்’ என்றும் ‘டிரேட்’ என்றும் ஆடிய மொனாப்பலி வகையில் காசு தீர்ந்தவர் எழுந்து போய்விட வேண்டும், மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்கலாம். மொனாப்பலியின் மூலமான ‘லேண்ட்லார்ட்ஸ் கேம்’ ஆட்டத்துக்கு எலிசபெத் மாகி என்ற அமெரிக்கப் பெண் 1904-ல் காப்புரிமை பெற்றார். நிலத்தை வளைத்துப்போட்டு வாடகையில் கொழுப்பது எவ்வளவு அநியாயம் என்று காட்டத்தான் அவர் அதைச் செய்தார். 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்டபோது வளைத்துப்போடுவதே வெற்றி என்றாகிவிட்டது.

ஜெர்மானியர்கள் இதற்கு நேர் எதிரான பாதையில் போனார்கள். அங்கே 1979 முதல் ஆண்டுதோறும் சிறந்த குடும்ப ஆட்டத்துக்கு ‘ஷ்பீல் டெஸ் யாரஸ்’ என்ற பரிசு கொடுக்கிறார்கள். ஆட்டத்தை உருவாக்கியவரை ஓர் எழுத்தாளரைப்போல மதிக்கிற நாடு அது. 1988-ல் நூரன்பர்க் பொம்மைச் சந்தையில் கூடிய சில ஆட்ட ஆசிரியர்கள், பெட்டியின் மேல் தங்கள் பெயரைப் போடாத நிறுவனத்துக்கு ஆட்டம் தருவதில்லை என்று பீர்க் கோப்பை வைக்கும் அட்டையிலேயே எழுதிக் கையெழுத்திட்டார்கள். அந்தச் சூழலில் வந்தவர்தான் க்ளாஸ் டாய்பர். பல் கட்டும் தொழில்நுட்பராக இருந்தவர், வேலை முடிந்து வந்து வீட்டு நிலவறையில் ஆட்டம் செய்வார், மனைவி மக்களோடு ஆடிப் பார்ப்பார். 1995-ல் வந்த அவருடைய ‘கட்டான்’ அந்த ஆண்டுப் பரிசை வென்றது. இன்றுவரை நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. 2023-ல் தன் எழுபதாவது வயதில் காலமானார் டாய்பர்.

கட்டானில் யாரும் பாதியில் வெளியேறுவதில்லை. செங்கல் இருப்பவரிடம் ஆடு கொடுத்துச் செங்கல் வாங்கலாம். பேரம் பேசாமல் ஜெயிக்க முடியாது. ஒருவர் வெல்லும் நிமிடம் வரை எல்லோரும் மேசையில் இருப்பார்கள். இன்று கஃபே அலமாரிகளில் இருக்கும் பெட்டிகளில் மிகப் பல இந்த வழியில் வந்தவை.

எந்த வழி மேலானது என்று என்னைக் கேட்டால், அடுத்த ஆட்டம் எப்போது என்பதைப் பொறுத்தது என்பேன். தினமும் மதியம் திண்ணையில் கூடுகிற வீட்டில் வெட்டு வலிக்காது. இன்று நீ வெட்டினாய், நாளைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் ஓடுகிற ஆட்டத்தின் ஒரு கண்ணி அது. ஆனால் மாதக்கணக்கில் ஒருமுறை கூடும் குடும்பத்தில் வெட்டுப்பட்ட பிள்ளை அந்தக் கசப்பை ஊருக்குக் கொண்டுபோய்விடும். அரிதாகச் சந்திக்கிறவர்களுக்கு ஏற்ற ஆட்டத்தை ஜெர்மானியர்கள் செய்தார்கள். அன்றாடம் சந்திக்கிறவர்களுக்கான ஆட்டம் நம்முடையது. நம்முடையது நின்றுபோனதற்குப் போனைக் குற்றம் சொல்கிறோம். அதற்கு வெகு முன்பே அன்றாடச் சந்திப்பு நின்றுவிட்டது.

அதை நினைத்துப் பார்த்தால் போனுக்குள் போன ஆட்டமும் நம்முடையதுதான். பச்சீசியிலிருந்து எடுத்த லூடோவுக்கு இங்கிலாந்தில் 1896-ல் காப்புரிமை வாங்கினார்கள். அது திரும்ப நம்மிடமே அட்டைப் பெட்டியில் வந்தது. மும்பை நிறுவனம் ஒன்று 2016-ல் ‘லூடோ கிங்’ செயலியாக விட்டது, 2020 ஊரடங்கில் நாடே அதில் விழுந்து கிடந்தது. பரமபதமும் இதேபோல் கடல் கடந்து, ஏறினால் சொர்க்கம் சறுக்கினால் பாவம் என்ற கணக்கையெல்லாம் உதறிவிட்டு வெறும் பாம்பும் ஏணியுமாக ஊர் திரும்பியது.

பதினாறில் ஆறு

கஃபேயிலிருந்து வந்த இரவு பிள்ளைகள் தூங்கவில்லை. “அம்மிச்சி, உங்க ஊர் வெட்டு ஆட்டத்தச் சொல்லித்தாங்க” என்று மகள் பிடித்துக்கொண்டாள். தாயக்கட்டை வீட்டில் இல்லை. அத்தை புளியங்கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கம் வெள்ளை தெரிகிற மட்டும் வாசற்படிக் கல்லில் தேய்த்துப் பகடையாக்கினார். சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டார். மறுநாள் பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக்கடையில் பித்தளைத் தாயக்கட்டை வாங்கி வந்தோம்.

அந்தப் பித்தளைக் கட்டையை இதுவரை கையில் எடுத்துப் பார்க்காதவர்கள் எடுத்துப் பாருங்கள். நீளமான நான்கு பட்டைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பட்டை வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உருட்டிக் கூட்ட வேண்டும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் அது சுழியமல்ல, பன்னிரண்டு. ஒன்று விழுந்தால் தாயம். தாயம் விழாமல் காய் இறங்காது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம்.

மகள் பள்ளி நோட்டை எடுத்து வந்து கணக்குப் போட்டாள். நான்குக்கு நான்கு, மொத்தம் பதினாறு வகையாக விழலாம். அதில் மூன்று விழ நான்கு வழி, இரண்டுக்கு மூன்று வழி, நான்குக்கு மூன்று வழி. தாயத்துக்கு இரண்டே வழி, ஐந்துக்கு இரண்டு. ஆறுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று. அடிக்கடி விழுகிற எண்களுக்கு மறு உருட்டல் கிடையாது, அரிதாக விழுகிற நான்கு எண்களுக்கு மட்டும் உண்டு. பதினாறில் ஆறு வாய்ப்பு. யாரோ உட்கார்ந்து யோசித்துத்தான் இதைச் செய்திருக்க வேண்டும். அந்த ஆசிரியரின் பெயரைப் போட நமக்குப் பெட்டி இல்லை. கீழடியில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மண்ணிலிருந்து பகடைகளும் ஆட்டக்காய்களும் வட்டச்சில்லுகளும் எடுத்திருக்கிறார்கள். எந்த ஆட்டத்தின் காய், என்ன விதியில் ஆடினார்கள் என்று அந்த மண் சொல்லாது. காய் மிஞ்சும். விதி, சொல்லித்தர ஆள் இருக்கும் வரைதான்.

அன்றிரவு எங்கள் வீட்டிலேயே விதிக்குச் சண்டை வந்தது. எதிராளியின் காயை ஒன்றாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் ஏற முடியாது, காய் பழமாகாது என்பது நெகமத்து அத்தையின் சட்டம். பவானிப் பக்கத்துக்காரரான என் அம்மாவிடம் போனில் கேட்டால், அதெல்லாம் வேண்டியதில்லை, சுற்றி வந்தால் ஏறிக்கொள்ளலாம் என்கிறார். நூறு கிலோமீட்டர் தள்ளினால் சட்டம் மாறுகிறது. இரண்டு சம்பந்திகளும் ஸ்பீக்கரில் வாதாட, பிள்ளைகள் நீதிபதிகளாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு விதிகளையும் மகள் அதே நோட்டில் எழுதிக்கொண்டாள். ‘அம்மிச்சி ரூல்’, ‘அப்பத்தா ரூல்’ என்று தலைப்புப் போட்டு.

சென்னையில் 2002-ல் தொடங்கிய ‘க்ரீடா’ போன்ற நிறுவனங்கள் பல்லாங்குழியையும் தாயத்தையும் ஆடுபுலியையும் அச்சடித்த விதிகளோடு விற்று, மறந்துபோனவர்களுக்கு மறுபடி கொண்டுவந்திருக்கின்றன. பெரிய தொண்டு அது. ஆனால் அச்சடித்த தாளில் ஒரு விதிதான் இருக்கும். பல்லாங்குழி ஒன்றிலேயே காசி, ராஜா பாண்டி, சீதா பாண்டி என்று எத்தனை வகை! அசோகவனத்தில் தனியே இருந்த சீதை ஆடியதாகச் சொல்லும் ஒற்றை ஆள் ஆட்டம் சீதா பாண்டி. பதினான்கு குழியில் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டு மதியங்களைக் கழித்த பெண்களின் வாயில்தான் இதெல்லாம் இருக்கிறது. அவர்கள் சனிக்கிழமை உக்கடத்தில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

குளத்தங்கரைக்கு ஒரு கல்

கஃபேக்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒரு மேசையையும், ஒரு சாயங்காலத்தையும், விதி சொல்லித்தரும் ஓர் இளைஞரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மூன்றுமே இன்று அரியவை. முடிந்தவர்கள் பெரியவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். முதல் தடவை எழுத்தில்லாத ஆட்டம், அரை மணி நேரத்துக்குள் முடிகிற ஆட்டமாகக் கேட்டு வாங்குங்கள். பெரியவரை வேடிக்கை பார்க்க வைக்காதீர்கள். ஆள் கூடுதலாக இருந்தால் நீங்கள் ஒதுங்குங்கள்.

ஆனால் ஐந்து பேர் போய்வர ஆகும் செலவில் உக்கடத்தில் பல வீடுகளுக்கு ஒரு வாரச் சமையல் நடக்கும். கோட்டைமேட்டுச் சந்துகளிலும் கரும்புக்கடையிலும் வாரியக் குடியிருப்புகளிலும் இருக்கும் அம்மிச்சிகள், நானிமார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு என்ன வழி? சுமார் 320 ஏக்கரில் விரிந்து கிடக்கும் பெரியகுளத்தின் கரையை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கோடிக்கணக்கில் செலவிட்டு அழகுபடுத்தியிருக்கிறார்கள். அந்தக் கரையில், வாலாங்குளக் கரையில், மாநகராட்சிப் பூங்காக்களில் கருங்கல் பலகைகளில் ஆட்டக் கட்டங்களைக் கொத்திப் பதிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. புதுமையான யோசனை அல்ல இது. தமிழ்நாட்டில் பழைய கோயில்களின் பிராகாரத் தரைகளிலும் மண்டபத் திண்ணைகளிலும் ஆடுபுலிக் கட்டத்தையும் பல்லாங்குழியையும் உளியால் கொத்தி வைத்தவர்கள் நம் முன்னோர்கள். மின்சாரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம், திருட்டுப்போகாது. காய்க்குக் கூழாங்கல் போதும். ஒவ்வொரு சாயங்காலமும் ஆட்டம் தெரிந்த பெரியவர் ஒருவர் அங்கே உட்கார ஏற்பாடு செய்து, அதற்கொரு சிறு ஊதியமும் மாநகராட்சி கொடுக்கட்டும். கஃபேயில் அந்தக் கல்லூரித் தம்பி செய்த வேலைதான் அது.

முதல் கல்லில் ஆடுபுலியைக் கொத்தச் சொல்வேன். காரணம் இருக்கிறது. மத நெறியாலோ, பாரதக் கதையின் அச்சத்தாலோ பகடையை வீட்டுக்குள் சேர்க்காத குடும்பங்கள் எங்கள் பகுதியில் நிறைய. ஆடுபுலியில் உருட்டுவதற்கு எதுவும் இல்லை, அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. எல்லோரும் உட்காரலாம். அதோடு, இரண்டு பக்கமும் சமமில்லாத ஆட்டம் அது. ஒருபக்கம் மூன்று புலி, மறுபக்கம் பதினைந்து ஆடு. வலியவன் குறைவு, எளியவர் அதிகம். புலி தாவித்தாவித் தின்று ஜெயிக்கப் பார்க்கும், ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்று புலியை அசையவிடாமல் கட்டிப்போடப் பார்க்கும். என் மகன் முதல் நாள் புலியாக மட்டுமே இருப்பேன் என்று அடம்பிடித்தான். இப்போது ஆடுதான் கேட்கிறான்.

கல் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அத்தை சொன்னபடி எழுதுகிறேன், தரையில் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து கீழ்நோக்கி விரியும் நான்கு கோடுகள். நான்கின் அடியையும் ஒரு கோட்டால் இணைத்தால் முக்கோணம். அதன் நடுவயிற்றில், இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி குறுக்கே ஒரு நீள்சதுரம், அந்த நீள்சதுரத்தின் நடுவில் இன்னொரு குறுக்குக் கோடு. உச்சியில் ஒன்று, மூன்று குறுக்குக் கோடுகளில் ஆறு ஆறாகப் பதினெட்டு, அடிக்கோட்டில் நான்கு என்று 23 புள்ளிகள் கிடைக்கும். ஒரு புலியை உச்சியிலும், மற்ற இரண்டை முதல் குறுக்குக் கோட்டின் நடுப்புள்ளிகள் இரண்டிலும் வையுங்கள். ஆட்டுக்காரர் ஒருமுறைக்கு ஓர் ஆடாக வைத்துக்கொண்டே வருவார், புலிக்காரர் ஒவ்வொரு முறையும் ஒரு புலியை நகர்த்துவார். பதினைந்து ஆடும் இறங்கும் வரை ஆடுகள் நகரக்கூடாது. புலிக்குப் பக்கத்தில் ஆடும், அதே கோட்டில் ஆட்டுக்கு அப்பால் காலியிடமும் இருந்தால் புலி தாவி ஆட்டை எடுத்துவிடும். மூன்று புலிக்கும் நகர வழியில்லை என்றால் ஆடு ஜெயித்தது.

எத்தனை ஆடு போனால் புலி ஜெயித்தது என்பதில் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. எங்கள் அத்தை கணக்கு ஆறு. உங்கள் வீட்டுக் கணக்கை உங்கள் அம்மிச்சியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமை வருவார்.